மழைக்காலத்தில் அந்தமான் நெடுஞ்சாலை: ரங்கத்திலிருந்து திக்லிபூர் வரை

வனமழை (அல்சூர்)

ஜூன் பிறந்ததும் நம் பெங்களூர்த் தமிழர்களில் வண்டி வைத்திருப்பவர்கள் சக்லேஷ்பூர், ஆகும்பே, குடகு என்று கிளம்பிவிடுகிறார்கள். நானும் அந்தக் கூட்டத்தில் ஒருத்திதான். மழையில் ஊறிக் கிடக்கும் காட்டைப் பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு இன்னொரு சாலையைச் சொல்லவே இந்த இழையைத் தொடங்குகிறேன்.

அந்தமான் என்றால் எல்லோரும் ஹேவ்லாக் கடற்கரையைத்தான் நினைக்கிறார்கள். கடல் அந்தத் தீவுகளின் ஓரம். உள்ளே இருப்பதெல்லாம் காடு. அந்தக் காட்டை ஊடறுத்து ஒரு பெருஞ்சாலை வடக்கு நோக்கிப் போகிறது. போர்ட் பிளேரில் தொடங்கித் தெற்கு அந்தமான், பாராடாங், நடு அந்தமான், வடக்கு அந்தமான் என்று தீவு தீவாகத் தாண்டித் திக்லிபூரில் முடிகிறது. மொத்தம் 300 கிலோமீட்டருக்கு மேல். போர்ட் பிளேருக்கு 2024இல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றினார்கள். ஊரில் பழைய பெயரும் புழக்கத்தில் இருக்கிறது.

நாங்கள் முழுச் சாலையிலும் போகவில்லை. போர்ட் பிளேரின் பீனிக்ஸ் பே துறையில் கப்பல் ஏறி நடு அந்தமானிலுள்ள ரங்கத் போய் இறங்கினோம். அங்கேயே ஓட்டுநரோடு ஒரு வண்டியை அமர்த்திக்கொண்டு வடக்கே சென்றோம். முதல் பாதியை வேண்டுமென்றே விட்டோம். காரணத்தைக் கேட்பவர்களுக்குத் தனியாகச் சொல்கிறேன்.

ரங்கத்தை விட்டு ஆம்குஞ்ச் பக்கம் வந்ததும் சாலை கடலை உரசிக்கொண்டு ஓடுகிறது. வலக்கைப் பக்கம் சாம்பல் நிறத்தில் கடல், இடக்கைப் பக்கம் பாக்குத் தோப்பு, இரண்டையும் மறைத்துக்கொண்டு மழை. பேட்டாப்பூரைத் தாண்டியபின் கடல் மறைந்து காடு வந்துவிடுகிறது. குர்ஜன் மரங்கள் கிளையே இல்லாமல் நேராக மேலே போய், கண்ணுக்கு எட்டாத உயரத்தில் தலை விரிக்கின்றன. படாக் மரங்களின் பலகை வேர்கள் ஆள் உயரத்துக்குச் சுவர்போல நிற்கின்றன. இடைவெளியெல்லாம் பிரம்புக் கொடி. இந்தக் காட்டில் புலியும் இல்லை, சிறுத்தையும் இல்லை. யானையும் இந்த மண்ணுக்கு உரியது அன்று. மரம் இழுக்கக் கொண்டுவந்து பிறகு கைவிடப்பட்ட யானைகளின் வாரிசுகள் மேற்கே இன்டர்வியூ தீவில் காட்டு யானைகளாகத் திரிகின்றன.

ஓரிடத்தில் படாக் மரம் ஒன்று வேரோடு சாய்ந்து சாலையை அடைத்துக் கிடந்தது. எதிர்ப்பக்கம் அரசு பஸ் ஒன்று நின்றது. யாரும் சத்தம் போடவில்லை, ஹாரன் அடிக்கவில்லை. பஸ்ஸில் வந்தவர்கள் இறங்கிச் சிறு கிளைகளை வெட்டி இழுத்துப் போட்டார்கள். வனத்துறை ஆட்கள் இயந்திர ரம்பத்தோடு வந்து அடிமரத்தை அறுக்கத் தொடங்கினார்கள். படாக்கின் வைரம் செக்கச் செவேலென்று இருக்கிறது. மரத்தூள் மழைநீரில் கரைந்து, தார்ச்சாலையின் சரிவில் சிவப்பு ஓடையாக எங்கள் செருப்புகளைத் தொட்டுக்கொண்டு ஓடியது. வழி கிடைக்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. பஸ் நடத்துனர் முதியவர் ஒருவரைக் கைபிடித்து ஏற்றிய பிறகுதான் விசில் கொடுத்தார்.

மாயாபந்தர் பிரிவைத் தாண்டினால் செங்கப்பா பாலம். அதன் மேல் நின்றால் இரு கரையிலும் அலையாத்திக் காடுதான். பாலத்துக்கு அப்பால் வடக்கு அந்தமான். திக்லிபூரில் நாங்கள் இருந்தவரை சேடில் பீக் மேகத்தை விட்டு வெளியே வரவே இல்லை. 732 மீட்டர்தான் உயரம் என்றாலும் அந்தத் தீவுகளிலேயே உயர்ந்த சிகரம் அது.

போக நினைப்பவர்கள் கேளுங்கள்; போய்வந்தவர்கள் சொல்லுங்கள்.

நெடுவழி (ஸ்ரீராமபுரம்)

அருமையாக எழுதியிருக்கிறீர்கள் அம்மா. ஆனால் முதல் பாதியை விட்டதுதான் புரியவில்லை. போர்ட் பிளேரிலிருந்து விடியுமுன் கிளம்பி, ஜிர்காடாங் சோதனைச் சாவடியில் வரிசையில் நின்று, போலீஸ் பாதுகாப்போடு அந்தக் காட்டைக் கடப்பதுதான் அந்தப் பயணத்தின் உச்சம் என்று போனவர்கள் எல்லோரும் சொல்கிறார்கள். பாராடாங்கில் சுண்ணாம்புக் குகை இருக்கிறது, சேற்று எரிமலை இருக்கிறது. நம் நாட்டில் சேற்று எரிமலையைப் பார்க்கக் கிடைக்கும் இடங்கள் எத்தனை?

அது அரசு அனுமதித்த பொதுச்சாலை. விதிகளை மதித்து, வண்டியை நிறுத்தாமல், படம் எடுக்காமல் போகிறவன் யாருக்கு என்ன தீங்கு செய்கிறான்? அடுத்த ஆகஸ்டில் என் தாயாரோடு போகத் திட்டமிடுகிறேன். காரணத்தைச் சொல்லுங்கள், கேட்டுக்கொள்கிறேன்.

வனமழை (அல்சூர்)

சொல்கிறேன் ஐயா. ஜிர்காடாங் முதல் மிடில் ஸ்ட்ரெய்ட் ஜலசந்தி வரை ஏறத்தாழ 49 கிலோமீட்டர் ஜாரவா பழங்குடி மக்களின் காப்புக்காடு வழியாகப் போகிறது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி அவர்கள் 380 பேர். நம் அல்சூரில் ஒரே தெருவில் அதைவிடக் கூடுதலாக ஆட்கள் இருப்பார்கள். 1990களின் பிற்பகுதி வரை அவர்கள் வெளியாட்களோடு ஒட்டவே இல்லை. காட்டைவிட்டு வெளியே வரத் தொடங்கிய சிறிது காலத்திலேயே, 1999இல், தட்டம்மை அவர்களிடம் பரவியது.

அந்தமானின் வேறு பழங்குடிகளுக்கு நடந்ததை நினைத்துப் பாருங்கள். 1858இல் ஆங்கிலேயர் தண்டனைக் குடியிருப்பைத் தொடங்கியபோது பெரிய அந்தமானியர்கள் சில ஆயிரம் பேர் இருந்தார்கள். இன்று சில பத்துப் பேர்தான் மிச்சம். நோயும் மோதலும் நில இழப்பும் சேர்ந்து ஓர் இனத்தையே தின்றுவிட்டன.

தீங்கு செய்ய நினைத்து அந்தச் சாலையில் போகிறவர்கள் குறைவுதான். ஆனால் அந்த வரிசையில் இருக்கும் சுற்றுலா வண்டிகளில் ‘இன்று அவர்கள் கண்ணில் படுவார்களா’ என்ற எதிர்பார்ப்பு இல்லாத வண்டி எது? போர்ட் பிளேரில் பேச்சுக் கொடுத்த பயண ஏற்பாட்டாளர் ஒருவர் எங்களிடம் குகையைப் பற்றி ஒரு வார்த்தை பேசினார், ‘அதிர்ஷ்டம் இருந்தால் பார்க்கலாம்’ என்று ஒன்பது வார்த்தை பேசினார். மனிதர்களைப் பார்ப்பதை அதிர்ஷ்டக் கணக்கில் சேர்க்கும் வியாபாரத்துக்கு என் பணம் போக வேண்டாம் என்று அங்கேயே முடிவு செய்தேன்.

ஏட்டுச்சுவடி (ஜெயநகர்)

சட்டப் பின்னணியைச் சேர்க்கிறேன். ‘அரசு அனுமதித்த பொதுச்சாலை’ என்று நெடுவழி எழுதியது உண்மைதான். ஆனால் முழு உண்மை இல்லை.

அந்தமான் நிக்கோபார் பழங்குடிகள் பாதுகாப்பு ஒழுங்குமுறை 1956இல் வந்தது. அடுத்த ஆண்டே ஜாரவா காப்புப் பகுதி அறிவிக்கப்பட்டது. சாலை அதற்குப் பிறகு வந்தது. அதாவது, காப்புக்காடு என்று அறிவித்த இடத்தின் வழியாகவே சாலையைப் போட்டார்கள். போடும் காலத்தில் ஜாரவா மக்கள் அதை எதிர்த்துத் தாக்கினார்கள். தொழிலாளர்களும் இறந்தார்கள், ஜாரவா தரப்பிலும் இழப்புகள் இருந்தன.

உச்ச நீதிமன்றம் தானே நியமித்த ஷேகர் சிங் ஆணையத்தின் பரிந்துரைகளை ஏற்று, 2002 மே மாதம், காப்புப் பகுதி வழியாகச் செல்லும் சாலைப் பகுதிகளை மூடும்படி உத்தரவிட்டது. சாலை மூடப்படவில்லை. அதன் பிறகு வந்ததுதான் இப்போதுள்ள கட்டுப்பாட்டு முறை: குறித்த நேரத்தில் மட்டும் வண்டிகளின் அணிவகுப்பு, 40 கிலோமீட்டர் வேக வரம்பு, முந்தக் கூடாது, நிறுத்தக் கூடாது, படம் கூடாது, பொருள் எதுவும் கொடுக்கக் கூடாது. 2012 ஜனவரியில், ஜாரவாப் பெண்களை உணவுக்காக ஆடவைத்த காணொளி உலகம் முழுவதும் போய் நாட்டையே தலைகுனிய வைத்தது. அதே ஆண்டில் ஒழுங்குமுறையைத் திருத்தித் தண்டனையை ஏழு ஆண்டு சிறை வரை உயர்த்தினார்கள்.

நீதிமன்றம் மூடச் சொன்ன சாலையில் ‘அனுமதி இருக்கிறதே’ என்று சமாதானம் சொல்லிக்கொள்வது எனக்கு ஒப்பவில்லை. கட்டாயத் தேவைக்குப் போகிறவர்களுக்கு அந்த வாதம் பொருந்தும். நமக்குப் பொருந்தாது.

ரங்கத்_மகள் (கிருஷ்ணராஜபுரம்)

இந்த இழையை நேற்று இரவு ஆஸ்பத்திரிப் பணி முடிந்து வந்து படித்தேன். பிறகு தூக்கம் வரவில்லை.

நான் ரங்கத்தில் பிறந்தவள். என் தாத்தா ராமநாதபுரம் பக்கத்திலிருந்து காட்டு இலாகா வேலைக்கு வந்தவர். எங்கள் தெருவில் ஒரு பக்கம் கிழக்கு வங்கத்து அகதிகளாக வந்து குடியமர்த்தப்பட்டவர்கள், மறுபக்கம் ராஞ்சியிலிருந்து மரவேலைக்குக் கொண்டுவரப்பட்ட குடும்பங்கள், நடுவில் தமிழர்கள், தெலுங்கர்கள். மாயாபந்தர் பக்கம் போனால் 1925 முதல் குடியிருக்கும் பர்மாவின் கரேன் மக்கள். தீவுகளின் மக்கள்தொகையில் ஏறத்தாழ 15 விழுக்காடு தமிழ் பேசுகிறவர்கள் என்பது இங்கே எத்தனை பேருக்குத் தெரியும்? நான் தமிழ்வழியில்தான் படித்தேன்.

எங்களுக்கு அந்தச் சாலை உயிர்நாடி. பெரிய ஆஸ்பத்திரி போர்ட் பிளேரில்தான் இருக்கிறது. என் சித்திக்குப் பிரசவத்தில் சிக்கல் வந்தபோது கடும் மழை. கப்பலை நிறுத்திவிட்டார்கள். ஹெலிகாப்டர் இந்த வானத்தில் எழும்பாது என்று சொல்லிவிட்டார்கள். ஆம்புலன்ஸில் அந்தச் சாலை வழியாகத்தான் கொண்டுபோனார்கள். சித்தியும் பிழைத்தார், தங்கையும் பிழைத்தாள். சாலையை மூடு என்று பெங்களூரில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து எழுதுகிறவர்கள், மழைக்காலத்தில் ரங்கத்தில் ஒரு மாதம் குடியிருந்துவிட்டு எழுதட்டும்.

ஆனாலும் வனமழை அக்கா செய்தது சரி என்றுதான் நான் சொல்வேன். நாங்கள் அந்தச் சாலையில் போகும்போது வெளியே வேடிக்கை பார்ப்பதில்லை. அம்மா ஜன்னலைச் சாத்தி, ‘அது அவர்கள் வீடு, எட்டிப் பார்க்காதே’ என்பார். சுற்றுலா வண்டிகள் வந்த பிறகுதான் பிஸ்கட் பொட்டலத்தை நீட்டுவதும் வண்டியை மெதுவாக்குவதும் கூடிப்போயின. சாலை வேண்டியது எங்களைப் போன்றவர்களுக்கு. பார்வையாளர்களுக்குக் கப்பல் இருக்கிறது.

குறிஞ்சி (விவேக்நகர்)

பந்திப்பூர் வழியாக ஊருக்குப் போகிற நாம் எல்லோரும் 2009 முதல் இரவு 9 மணிமுதல் காலை 6 மணிவரை அந்தச் சாலை மூடியிருப்பதை ஏற்றுக்கொண்டுதானே இருக்கிறோம்? ஆரம்பத்தில் எவ்வளவு எதிர்ப்பு! இன்று குண்டல்பேட்டையில் நேரம் பார்த்து வண்டியை ஓட்டப் பழகிவிட்டோம். யானைக்காகவும் மானுக்காகவும் ஒன்பது மணி நேரம் ஒதுங்குகிற நாம், மனிதர்களுக்காக ஒரு சுற்றுலாவை மாற்றி அமைத்துக்கொண்டால் என்ன குறைந்துவிடும்?

ரங்கத்_மகள் (கிருஷ்ணராஜபுரம்)

குறிஞ்சி அக்கா, உங்கள் எண்ணம் நல்லது. ஆனால் பந்திப்பூரை இதோடு சேர்க்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். அந்தச் சாலையில் போகிறவர்கள் ‘சஃபாரி’ என்று பேசிக்கொள்வதைச் சிறு வயதிலிருந்து கேட்டு வளர்ந்தவள் நான். விலங்கையும் அவர்களையும் ஒரே வரியில் வைக்கும் பழக்கத்திலிருந்துதான் எல்லாக் கேடும் தொடங்கியது.

குறிஞ்சி (விவேக்நகர்)

ஏற்றுக்கொள்கிறேன் தங்கை. அந்த வரியைத் திரும்பப் பெறுகிறேன். சாலைக்கு நேரக் கட்டுப்பாடு விதித்தால் மக்கள் பழகிக்கொள்வார்கள் என்ற பகுதி மட்டும் நிற்கட்டும்.

சக்கரம் (பானஸ்வாடி)

நான் வாடகை வண்டி ஓட்டுகிறவன். போர்ட் பிளேரில் சில காலம் உறவினர் ஒருவரின் வண்டியை ஓட்டினேன். பேசாமல் விட்டுப்போன சாலை விவரங்களைச் சொல்கிறேன். மழைக்காலத்தில் இதைத் தெரிந்துகொள்ளாமல் போகக் கூடாது.

முதலில் வெளிச்சம். அந்தமான் கிழக்கே வெகு தூரத்தில் இருந்தும் நம் நேரத்தையே வைத்திருக்கிறது. ஜூன் மாதத்தில் காலை 5 மணிக்கே விடிந்துவிடும். மாலை 6 மணிக்கு முன் சூரியன் விழுந்துவிடும். மழை மேகமும் மரக்கூரையும் சேர்ந்தால் 5 மணிக்கே காட்டுச் சாலையில் விளக்குப் போட வேண்டும். பெங்களூர்க் கணக்கில் மதியம் சாப்பிட்டுவிட்டு நிதானமாகக் கிளம்பலாம் என்று நினைப்பவர்கள் இருட்டில் மாட்டிக்கொள்வார்கள். விடியும்போது கிளம்பி, 3 மணிக்குள் போய்ச் சேருங்கள்.

இரண்டாவது, சாலை. அகலப்படுத்தும் வேலை பல இடங்களில் நடந்துகொண்டே இருக்கிறது. வெட்டிய மேட்டில் களிமண் சரிந்து சாலையில் படியும். மேலே பார்த்தால் வெறும் ஈரம்போலத்தான் இருக்கும். சக்கரம் ஏறியதும் சோப்பில் கால் வைத்ததுபோல வழுக்கும். அங்கே பிரேக்கை அழுத்தக் கூடாது. இரண்டாம் கியரில் இறக்கி, ஸ்டியரிங்கை வெட்டாமல், எஞ்சின் இழுவையிலேயே இறங்க வேண்டும். வளைவில் எதிரே பஸ் வந்தால் அவருக்கு வழி விடுங்கள். அவர் தினமும் போகிறவர், அவருக்கு ஓரம் எங்கே உறுதியாக இருக்கிறது என்று தெரியும்.

மூன்றாவது, மிடில் ஸ்ட்ரெய்ட்டில் வண்டிகளை ஏற்றும் படகு. ஓதம் ஏறி இறங்குவதற்கு ஏற்ப படகின் இரும்புப் பலகை சாயும். மழையில் அந்தப் பலகையில் பாசி ஏறியிருக்கும். பயணிகளை இறக்கிவிட்டு வண்டியை மட்டும் ஏற்றுவோம். ஏறியதும் சக்கரத்துக்கு முட்டுக் கொடுக்க வேண்டும், கைப்பிரேக்கை மட்டும் நம்பக் கூடாது. சுற்றிலும் அலையாத்திக் கழி. ‘முதலை ஜாக்கிரதை’ என்ற பலகையை அலங்காரம் என்று நினைக்காதீர்கள். அது உப்புநீர் முதலை. கழியில் கை கழுவக்கூட இறங்க வேண்டாம். அடுத்த ஜலசந்தியான ஹம்ஃப்ரியில் பாலம் வந்துவிட்டதால் அங்கே படகுக்காகக் காத்திருந்த காலம் போயிற்று.

நான்காவது, தொலைபேசி. சென்னையிலிருந்து கடலடிக் கேபிள் 2020இல் வந்த பிறகு ஊர்களில் இணையம் நன்றாகவே இருக்கிறது. காட்டுக்குள் அலைவரிசை கிடைக்காது. தங்கும் இடத்தில் கிளம்பும் நேரத்தைச் சொல்லிவிட்டுப் புறப்படுங்கள். ரங்கத்திலேயே டேங்கை நிரப்பிக்கொள்ளுங்கள். சரக்குக் கப்பல் தாமதமானால் வடக்கே எரிபொருளுக்கும் வரிசைதான்.

அந்த 49 கிலோமீட்டரைப் பற்றி ஒன்று சொல்கிறேன். வாடிக்கையாளர் வண்டியை மெதுவாக்கச் சொன்னால், பணம் கூடக் கொடுத்தாலும், நான் செய்ததில்லை. பல ஓட்டுநர்கள் செய்ததில்லை. ஆனால் பின்னிருக்கையிலிருந்து வரும் அந்த வற்புறுத்தல் எவ்வளவு என்பது ஓட்டுகிறவனுக்குத்தான் தெரியும். சுற்றுலா வண்டிகள் குறைந்தால் எங்களுக்கும் நிம்மதி.

நெடுவழி (ஸ்ரீராமபுரம்)

எல்லோருக்கும் நன்றி. என் கருத்தில் ஒரு பகுதி இன்னும் மாறவில்லை. பாராடாங்கில் படகு ஓட்டுகிறவர்கள், சிற்றுண்டிக் கடை நடத்துகிறவர்கள் எல்லோரும் அந்த அணிவகுப்பில் வரும் பயணிகளை நம்பித்தான் இருக்கிறார்கள். எல்லோரும் கப்பலில் போய்விட்டால் அவர்கள் கதி என்ன? நல்லெண்ணத்தில் ஒதுங்குகிறோம், அதன் விலையை வேறொரு ஏழை கொடுக்கிறான். இதற்கு அரசுதான் வழி காண வேண்டும். நான் ஒருவன் போகாமல் இருப்பது தீர்வாகாது.

ஆனால் சக்கரம் தம்பி சொன்ன ‘பின்னிருக்கை வற்புறுத்தல்’ என்னைத் தைத்தது. என் குடும்பத்தில் அப்படிக் கேட்கக்கூடியவர்கள் இருக்கிறார்கள். ஆகவே இந்த முறை ரங்கத் வரை கப்பல்தான். என் தாயாருக்கு 70 வயதுக்கு மேல், முழங்கால் வலி வேறு. ஆகஸ்டில் கப்பல் ஒத்துவருமா?

வனமழை (அல்சூர்)

ஐயா, பாராடாங் பற்றிய உங்கள் கேள்வி நியாயமானது. என்னிடம் அதற்கு முழு விடை இல்லை. கடல் வழியாகவே பாராடாங்குக்கு ஒழுங்கான படகுப் போக்குவரத்து அமைந்தால் இரு தரப்புக்கும் நல்லது என்பது என் எண்ணம். காட்டைத் தொடாமல் குகைக்குப் போகலாம், அவர்கள் பிழைப்பும் நிற்கும்.

நீங்கள் ரங்கத்தில் இறங்கியபின் கண்டிப்பாகத் ‘தானி நல்லா’ என்ற இடத்துக்குப் போங்கள். அலையாத்திக் காட்டுக்குள் மரப்பலகை நடைபாதை போட்டிருக்கிறார்கள். ஏற்ற இறக்கம் இல்லை, அம்மா மெதுவாக நடக்கலாம். மழை நின்ற கையோடு போனால் சேற்றில் நண்டுகள் வளையைவிட்டு வெளியே வரும். பலகை வழுக்கும், கைப்பிடியை விடாமல் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். சேடில் பீக் ஏறுவதை மட்டும் இந்தப் பருவத்தில் எண்ணவே வேண்டாம். ராஸ், ஸ்மித் தீவுகளுக்கு ஏரியல் பே துறையிலிருந்து போகும் படகுகளைக் கடல் கொந்தளித்தால் நிறுத்திவிடுவார்கள். ஒரு நாள் கையில் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள்.

ரங்கத்_மகள் (கிருஷ்ணராஜபுரம்)

நெடுவழி ஐயா, ஆகஸ்டில் கடல் ஆடும். அம்மாவுக்குக் கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளத்தில் இடம் கேட்டு வாங்குங்கள், முன்பக்கம் வேண்டாம். கிளம்புவதற்கு முந்தைய இரவு எண்ணெய்ப் பலகாரம் கொடுக்காதீர்கள். வாந்தி மாத்திரையை மருத்துவரிடம் கேட்டு, ஏறுவதற்கு அரைமணி முன் கொடுங்கள். ஏறும் பலகையில் படிக்கட்டு குறைவுதான், ஆனால் கூட்டம் நெருக்கும். அம்மாவை முன்னால் விடும்படி கப்பல் ஆட்களிடம் சொன்னால் செய்வார்கள். தமிழிலேயே சொல்லலாம், யாராவது ஒருவருக்குப் புரியும்.

டிக்கெட்டைக் கடைசி நாளுக்கு வைக்காதீர்கள். தீவு மக்களுக்கே இடம் கிடைக்காமல் போகும் நாட்கள் உண்டு. புயல் எச்சரிக்கை வந்து கப்பல் நின்றால் போர்ட் பிளேரிலேயே தங்கிவிடுங்கள், அவசரப்பட்டுச் சாலையைப் பிடிக்க வேண்டாம். ரங்கத்தில் தங்க இடம் வேண்டுமென்றால் எனக்குத் தனிச்செய்தி அனுப்புங்கள். கடைத்தெருவுக்குப் பின்னால் என் பெரியப்பா வீட்டில் மாடி அறை காலியாகத்தான் இருக்கிறது. பெரியம்மா மீன்குழம்பு வைப்பார். அம்மா சைவம் என்றால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.